18-ஆவது ஆட்டத்துக்கு விலை பேசுமுன்: என்.எஃப்.எல். வீரர்கள் சங்கப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

32 அணிகளிலும் சக வீரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் வீரர்கள் சங்க அவையில் அமரும் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். 2025 ஜனவரி 5 அன்று, ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டம் கொண்ட வழக்கமான சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிலடெல்ஃபியாவின் லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டு மேல்தளத்தில் இரண்டு காலுறைகளுக்கு மேல் மூன்றாவதையும் மாட்டிக்கொண்டு என் மகனோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே சீசனில் அதிகத் தூரம் பந்தோடு ஓடியவர் என்று 1984-இல் எரிக் டிக்கர்சன் படைத்த 2,105 கெஜம் சாதனையை முறியடிக்க, ஈகிள்ஸ் அணியின் சாக்வான் பார்க்லிக்கு அன்று 101 கெஜம் போதும். எதிரணியோ, ஆறு ஆண்டுகள் அவரை வைத்திருந்து போகவிட்ட நியூயார்க் ஜயன்ட்ஸ். இதைவிடத் தோதான நாள் ஓட்டக்காரர் ஒருவருக்கு வாய்க்காது. ஆனால் பார்க்லி ஆடவில்லை. பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் ஈகிள்ஸின் இடம் முன்பே உறுதியாகிவிட்டதால், பயிற்சியாளர் நிக் சிரியானி அவரையும் முதல்நிலை வீரர்கள் பலரையும் கரையிலேயே நிறுத்திவிட்டு, மாற்று வீரர்களை வைத்து ஆட்டத்தை 20-13 என்று முடித்துக்கொண்டார்.

மகனுக்குத் தாங்க முடியாத ஏமாற்றம். எனக்கும் சற்று இருந்தது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தபோது சற்று அதிகமாகவே இருந்தது. இரண்டு வாரங்களில் அது தீர்ந்துபோயிற்று. கொட்டும் பனியில் ராம்ஸ் அணிக்கு எதிராக அதே பார்க்லி 205 கெஜம் ஓடினார். பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஈகிள்ஸ் வென்றது. சிரியானியின் கணக்கு சரி.

அந்த வெற்றியைக் கொண்டாடுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. தம் அணியின் மிகச் சிறந்த வீரருக்கு 17-ஆவது ஆட்டம் வேண்டாத சுமை என்று, பட்டம் வென்ற அணியே தீர்மானித்தது. அப்படியிருக்க, லீகின் உரிமையாளர்கள் 18-ஆவது ஆட்டம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறார்கள். 2024 ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் வீரர் தேர்வு டெட்ராய்ட்டில் நடந்த நாள்களில், ஆணையர் ராஜர் குடெல் தம் விருப்பத்தை வெளிப்படையாகவே சொன்னார்: 18 ஆட்டம், 2 பயிற்சி ஆட்டம், சூப்பர் பௌலுக்கு மறுநாள் பிரெசிடென்ட்ஸ் டே விடுமுறை. இப்போதுள்ள கூட்டு ஒப்பந்தப்படி, உங்கள் சங்கம் இசையாமல் இது நடக்காது. ஆகவேதான் உரிமையாளர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். 18-ஆவது ஆட்டத்தைப் பணத்துக்கு விற்காதீர்கள். விற்றே தீரவேண்டும் என்றால், ஓய்வையும் மருத்துவத்தையும் காயத்துக்கான ஈட்டையும் விலையாக வாங்குங்கள்.

(ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு பேரத்தைப் பற்றித் தமிழில் எழுதுவானேன் என்று யாரேனும் கேட்கக்கூடும். இதன் ஆங்கில வடிவம் வாஷிங்டனில் உள்ள உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. ஞாயிறுதோறும் என் வீட்டு வரவேற்பறையில் ஆட்டம் பார்க்கும் நண்பர்கள் தமிழர்கள். அவர்களையும் இதில் சேர்க்கவேண்டும் என்பதற்காக இங்கே தமிழில்.)

சென்ற முறை என்ன நடந்தது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். ஆனால் இன்று களத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்போது கல்லூரியிலோ பள்ளியிலோ இருந்தவர்கள் என்பதால் சொல்லவேண்டியிருக்கிறது. 2020-இன் தொடக்கத்தில் உரிமையாளர்கள் நீட்டிய ஒப்பந்தத்தைப் பரிந்துரைப்பதில்லை என்று சங்கத்தின் செயற்குழு 6-க்கு 5 என்று முடிவெடுத்தது. உங்கள் அவையோ 17-க்கு 14 என்று, ஒருவர் நடுநிலை வகிக்க, அதை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. மார்ச் நடுவில், கொரோனாவால் நாடே கதவடைத்துக்கொண்டிருந்த நாள்களில் முடிவு வந்தது: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. 60 வாக்கு வித்தியாசத்தில் 17-ஆவது ஆட்டம் வந்து சேர்ந்தது.

அன்று ஆதரித்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. புதிதாக வருபவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,95,000 டாலரிலிருந்து 6,10,000 டாலராக ஒரே தாவலில் உயர்ந்தது. நாளை அணியில் இருப்போமா என்று தெரியாத ஓர் இளைஞர் அதைத் தள்ளிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வருவாயில் வீரர்களின் பங்கு 47 விழுக்காட்டிலிருந்து 48-க்கும், 17-ஆவது ஆட்டத்தோடு 48.5-க்கும் ஏறியது. உரிமையாளர்கள் வாங்கியது என்ன என்பது ஓராண்டு கழித்துத் தெரிந்தது. 2021 மார்ச் 18 அன்று, ஏறத்தாழ 11,000 கோடி டாலர் மதிப்புள்ள 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களை லீக் அறிவித்தது. அதே மாதம் 30 அன்று 17 ஆட்டச் சீசனுக்கு உரிமையாளர்கள் முறைப்படி ஒப்புதல் அளித்தார்கள். எதை முதலில் விற்றார்கள், எதைப் பின்னால் அறிவித்தார்கள் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

அந்த ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து 2029 சீசனுக்குப் பின் விலகிக்கொள்ள லீகுக்கு உரிமை உண்டு. உங்கள் கூட்டு ஒப்பந்தமோ 2030 சீசன் வரை செல்லும். தொலைக்காட்சி நிறுவனங்களோடு மறுபடி பேரத்துக்கு உட்காரும்போது கையில் 18-ஆவது ஆட்டம் இருக்கவேண்டும் என்பதுதான் இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம் என்று நான் நினைக்கிறேன். 32 அணிக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டம் கூடினால் மொத்த ஆட்டங்கள் 272-லிருந்து 288 ஆகும். கூடுவது 16. வெளிநாடுகளில் ஆண்டுக்கு 16 ஆட்டங்கள் நடத்தவேண்டும் என்பதும் லீகின் நீண்ட நாள் ஆசை. 2007-இல் வெம்ப்ளியில் தொடங்கிய லண்டன் ஆட்டங்கள் மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், சாவோ பாலோ, டப்ளின், மாட்ரிட் என்று பரவிவிட்டன. அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. சந்தையில் அவசரப்படுகிறவன் எதிரே நிற்கும்போது சும்மா இருப்பதே பேரத்தில் பாதி.

"ஒரு பயிற்சி ஆட்டத்தைக் குறைத்து ஓர் அசல் ஆட்டத்தைக் கூட்டுகிறோம், மொத்தம் மாறவில்லையே" என்ற வாதத்தை நீங்கள் மறுபடியும் கேட்பீர்கள். இது புதிய வாதமல்ல. 1978-இல் 14-ஐ 16 ஆக்கியபோது ஆறு பயிற்சி ஆட்டங்கள் நான்காயின. 2021-இல் 17 ஆக்கியபோது நான்கு மூன்றாயின. இனி மூன்று இரண்டாகும். சீசன் சீட்டு வாங்குவோர் பயிற்சி ஆட்டத்துக்கும் முழு விலை கொடுக்கவேண்டியிருப்பதால், என்னைப் போன்ற பார்வையாளர்களுக்கு இது இனிக்கும். ஆனால் இது சமன் இல்லாத பண்டமாற்று. ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டத்தில் முதல்நிலை வீரர் ஒருவர் ஒரு கால்பகுதி ஆடினாலே அதிகம். பலர் சீருடைகூட அணிவதில்லை. அங்கே உயிரைக் கொடுத்து ஆடுபவர்கள், முகாமுக்கு வந்த 90 பேரில் எப்படியாவது அணியின் இறுதிப் பட்டியலான அந்த 53 பேருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று துடிக்கும் கடைசி 30 பேர். பயிற்சி ஆட்டம் குறைந்தால் அவர்களுக்குத் தங்களைக் காட்டிக்கொள்ளும் மேடை குறைகிறது. அசல் ஆட்டம் கூடினால் மற்றவர்களுக்கு அடி கூடுகிறது. இரண்டு பக்கமும் இழப்பது உங்கள் உறுப்பினர்களே.

பிலடெல்ஃபியாவில் அன்று நான் பார்த்ததும் இதன் மறுபக்கம்தான். பார்க்லிக்கு ஓய்வு கிடைத்தது, ஆட்டம் ரத்தாகவில்லை. அவருடைய இடத்தில் ஓடி, விழுந்து, எழுந்தவர்கள் அணிப்பட்டியலின் அடியில் இருப்பவர்கள். சீசன் நீள நீளக் களத்தை நிரப்புவோர் அவர்களாகவே இருப்பார்கள்: காயம்பட்டவருக்குப் பதிலாக வருபவர், ஓய்வெடுப்பவருக்குப் பதிலாக வருபவர். ஒப்பந்தத்தில் உத்தரவாதம் மிகக் குறைவாக இருப்பதும் அவர்களுக்கே.

டமார் ஹாம்லின் அப்படி வந்தவர்தான். 2021 வீரர் தேர்வில் ஆறாவது சுற்றில் பஃபலோ பில்ஸ் அவரை எடுத்தது. 2022 செப்டம்பரில் மைக்கா ஹைடுக்குக் கழுத்தில் காயம் ஏற்பட்டதால் அவருடைய இடத்துக்கு ஹாம்லின் வந்தார். 2023 ஜனவரி 2, திங்கள் இரவு, சின்சினாட்டி. முதல் கால்பகுதியில் டீ ஹிக்கின்ஸை மடக்கி வீழ்த்தினார். அதில் அதிசயமாக ஒன்றுமில்லை, ஓர் இரவில் நூறு முறை நடக்கும் மோதல். எழுந்து நின்றார். இரண்டடி வைப்பதற்குள், நின்ற வாக்கிலேயே பின்னால் சரிந்தார்.

எங்கள் வீட்டில் அப்போது ஆறேழு பேர் இருந்தோம். தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் போய்த் திரும்பியது. மறுபடி போய்த் திரும்பியது. மூன்றாவது முறை திரும்பியபோது பில்ஸ் வீரர்கள் அனைவரும் ஹாம்லினைச் சுற்றி வளையமாக மண்டியிட்டிருந்தார்கள். கேமராவுக்கு அவர் முகம் தெரியாதபடி முதுகுகளால் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்பது சற்றுப் பொறுத்துத்தான் எங்களுக்கு உறைத்தது. நெஞ்சின் மேல் விழுந்த அடி, இதயத் துடிப்பின் மிகச் சிறிய ஓர் இடைவெளியில் சரியாகப் பொருந்தியதால் இதயம் நின்றுபோயிருந்தது. அணியின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளர் டென்னி கெல்லிங்டன் களத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி செய்தார்; மின்னதிர்ச்சிக் கருவியின் உதவியோடு இதயம் மீண்டும் இயங்கியது. என் நண்பரின் மனைவி எழுந்து தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்தினார்; படத்தை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. அந்த ஆட்டம் தொடரவே இல்லை, பின்னர் ரத்து செய்யப்பட்டது.

ஆட்டங்களின் எண்ணிக்கை அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மிக அரிதாக நிகழும் ஒன்று அது. நான் சொல்ல வருவது அதற்கடுத்த நாள்களில் வெளியான ஒப்பந்தக் கதை. ஹாம்லினுக்கு அது இரண்டாவது சீசன். ஓய்வூதியத் தகுதிக்கு மூன்று சீசன் வேண்டும். அன்றோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தால் அந்தத் தகுதி அவருக்கு இருந்திருக்காது. காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டால் சம்பளம் குறையும் என்ற பிரிவும் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. சங்கமும் லீகும் அணியும் பேசி அவருக்கு முழுச் சம்பளமும் கொடுக்க முடிவுசெய்தார்கள். நல்லது. ஆனால் அது நாடே பார்த்துக்கொண்டிருந்த இரவு. யாரும் பார்க்காத ஒரு மதிய ஆட்டத்தில் முழங்கால் கிழிந்துபோகும் இரண்டாம் ஆண்டு வீரருக்காக யார் உட்கார்ந்து பேசப்போகிறார்கள்?

ஹாம்லின் உயிர்பிழைத்து, மீண்டும் ஆட வந்தார். 2024 செப்டம்பர் 12 அன்று மயாமியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டுவா டாகோவைலோவா பந்தோடு ஓடித் தலையைத் தாழ்த்தி மோதி விழுந்தது இதே ஹாம்லின்மீதுதான். டுவாவுக்கு மீண்டும் மூளையதிர்ச்சி. அது வியாழக்கிழமை ஆட்டம். நான்கு நாள் முன்பு, ஞாயிறன்று, இரு அணிகளும் ஆடியிருந்தன. 2022 செப்டம்பரிலும் அப்படித்தான்: ஞாயிறன்று பஃபலோவுக்கு எதிராகத் தள்ளாடியபடி எழுந்த டுவா, நான்காம் நாள் வியாழனன்று சின்சினாட்டியில் தலை தரையில் மோதி, விரல்கள் விறைத்துக் கிடந்தார். மூளையதிர்ச்சி விதிகள் அதன்பின் இறுக்கப்பட்டன. வியாழக்கிழமை ஆட்டங்களோ குறையவில்லை. ஒரே அணியைக் குறுகிய இடைவெளியில் இரண்டு வியாழன்கள் ஆடவைக்கலாம் என்று 2023-இல் விதி தளர்ந்தது. 2024 டிசம்பரில் 15, 21, 25 என்று 11 நாளில் மூன்று ஆட்டங்களைக் கான்சாஸ் சிட்டி ஆடியது. மூன்றாவது, நெட்ஃபிளிக்ஸுக்காக, ஒரு புதன்கிழமை.

தலையைப் பற்றி எழுதும்போது மைக் வெப்ஸ்டரைக் கடந்துபோக முடியாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் நடுவரிசைக்காரர், நான்கு சூப்பர் பௌல் வென்றவர், 2002-இல் 50 வயதில் மனம் சிதறி இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் விழும் தொடர் அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச்சிதைவு நோயை அதில் கண்டதாக 2005-இல் வெளியிட்டார். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம், தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் அதே நோயைக் கண்டது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்கின்றன, ஆகவே இதை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கக்கூடாது என்பதை ஆய்வாளர்களே சொன்னார்கள். நானும் அப்படிப் பொருத்தவில்லை. எனக்கு முக்கியமாகப்படுவது 2023-இல் வந்த ஆய்வு. இந்த நோயை முன்கணிக்க, மூளையதிர்ச்சி எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையைவிட, ஆடிய காலமெல்லாம் தலை வாங்கிய மொத்த விசையே பெரிதும் உதவுகிறது என்று அது காட்டியது. ஆம்புலன்ஸ் வரும் மோதல்களுக்கு நீங்கள் விதி எழுதலாம். வரிசையில் நிற்கும் ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை எழுந்து எதிரே நிற்பவர்மேல் மோதுவதற்கு என்ன விதி எழுதுவீர்கள்? அதைக் குறைக்கும் வழி ஒன்றே: எண்ணிக்கை. 18-ஆவது ஆட்டம் அந்த எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறது.

இனி விலையைப் பற்றி. உரிமையாளர்கள் முதலில் விழுக்காட்டைக் காட்டுவார்கள். 48.5-ஐ இன்னும் ஒரு விழுக்காடு ஏற்றினால் கோடிக்கணக்கில் பணம் என்பது உண்மையே. ஆனால் அது சம்பள உச்சவரம்புக்குள் போய்ச் சேரும் பணம். 2025-இல் ஓர் அணிக்கு அந்த வரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். அதில் சராசரியாக ஆண்டுக்கு 6 கோடி டாலர் பெறும் ஒப்பந்தத்தை 2024-இல் ஒரே ஒரு குவாட்டர்பேக், டல்லஸின் டாக் பிரெஸ்காட், போட்டுக்கொண்டார். அவர்மேல் பிழையில்லை, சந்தை கொடுத்தது. ஆனால் வரம்பு உயரும்போதெல்லாம் அந்த நீர் மேட்டுக்கே பாய்கிறது. 45-ஆவது ஆளின் முழங்காலுக்கு அதில் எந்த உறுதியும் எழுதப்படுவதில்லை.

நான் கேட்கச் சொல்வது வேறு. ஓய்வூதியத் தகுதியும் ஆட்டத்துக்குப் பிந்தைய மருத்துவக் காப்பீடும் மூன்று சீசனுக்குப் பதிலாக இரண்டு சீசனிலேயே தொடங்கட்டும். அதை இப்போது விலகிப்போனவர்களுக்கும் பின்னோக்கிப் பொருத்தட்டும். 53 பேர் பட்டியலில் இருக்கும் எவரும் களத்தில் காயமடைந்தால் அந்த சீசனின் முழுச் சம்பளமும், குறைப்புப் பிரிவு ஏதுமின்றி, தானாகவே கிடைக்கட்டும். ஹாம்லினுக்குச் செய்ததை விதியாக்குங்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அடுத்தது ஓய்வு வாரம். இப்போது சீசனில் அணிக்கு ஒன்று. 18 ஆட்டம் என்றால் இரண்டு கட்டாயம், அதில் பேரமே கூடாது. 1993-இல் இரண்டு ஓய்வு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நல்ல ஆட்டங்கள் குறைந்துபோயின என்று தொலைக்காட்சிகள் முணுமுணுக்க, மறு ஆண்டே கைவிட்டார்கள். இம்முறை அந்த இரண்டில் ஒன்று வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முந்தைய வாரமாகவே இருக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கணக்கு இடிக்காது. வழக்கமான வியாழனுக்கு ஓர் ஆட்டம், இரண்டு அணி. 16 வியாழன்களில் 32 அணிகளும் தலைக்கு ஒருமுறை ஆடி முடித்துவிடும். நான்கு நாள் இடைவெளியில் யாரும் களமிறங்கத் தேவையில்லை. ஓய்வு வாரங்களைச் சீசனின் தொடக்கத்திலிருந்தே பரப்பவேண்டியிருக்கும். அட்டவணை போடுபவர்களுக்குத் தலைவலி, அவ்வளவுதான்.

செயற்கைத் தரைக்குப் பதில் புல்தரை என்ற கோரிக்கையை நீட்ட வேண்டியதில்லை. 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட 11 மைதானங்களும் உங்கள் அணிகள் ஆடும் மைதானங்கள். செயற்கைத் தரை கிடந்தவற்றிலும் இயற்கைப் புல் வேண்டும் என்று ஃபிஃபா சொன்னது. உரிமையாளர்கள் சரி என்றார்கள். ஒரு மாத விருந்தாளிக்கு விரிக்க முடிந்த பாயை வீட்டாருக்கு ஏன் விரிக்க முடியாது என்று மட்டும் கேளுங்கள்.

இவற்றைக் கொடுக்க அவர்கள் மறுத்தால், 17-லேயே நில்லுங்கள். வேலைநிறுத்தம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1987-இல் 24 நாள் வேலைநிறுத்தத்தின்போது மாற்று ஆட்களை வைத்து மூன்று வார ஆட்டங்களை உரிமையாளர்கள் நடத்திவிட்டார்கள் என்பதும், மக்கள் அதையும் போய்ப் பார்த்தார்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை. இம்முறை நீங்கள் எதையும் நிறுத்தவேண்டியதில்லை. கையொப்பமிடாமல் இருந்தால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 18-க்கு ஒப்பினால், அந்த 18-ஆவது ஆட்டத்தையும் நான் பார்ப்பேன். என் நண்பர்களும் வருவார்கள். வழக்கம்போல் ஒருவர் வீட்டு மிளகாய் பஜ்ஜியும் இன்னொருவர் வாங்கிவரும் கோழி இறக்கைகளும் மேசையில் இருக்கும். பார்வையாளர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள், அதனால் உரிமையாளர்கள் பின்வாங்குவார்கள் என்று நீங்கள் நம்பியிருந்தால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பார்க்லி ஆடாத அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை, குளிரில் நடுங்கிக்கொண்டே, நாங்கள் எழுந்து போகவில்லை.

2020-இல் ஏறத்தாழ 500 உறுப்பினர்கள் வாக்கே அளிக்கவில்லை. வித்தியாசமோ 60. அடுத்த வரைவு உங்கள் கைக்கு வரும் நாளில், உடைமாற்றும் அறையில் உங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு வீரரிடம் அதைக் கொடுத்து, காயத்தைப் பற்றிய பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். சம்பளப் பக்கத்தை அவரே தேடிப் படித்துக்கொள்வார்.

மரியாதையுடன்,
பிலடெல்ஃபியா புறநகரிலிருந்து ஒரு பார்வையாளர்